ஆற்றில் மிதந்து வரும் பெட்டி: கதைகளில் திரும்பத் திரும்ப வரும் ஆட்கள்

ஆற்றில் ஒரு பெட்டி மிதந்து வருகிறது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு குழந்தை. இவ்வளவுதான் சொன்னேன், குழந்தையின் பெயரையோ ஆற்றின் பெயரையோ சொல்லவில்லை. ஆனாலும் இந்தக் குழந்தை சாதாரணமாக வாழ்ந்து முடியாது என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அது வளர்ந்தது, வரவு செலவு பார்த்தது, வயதாகி இறந்தது என்று நான் கதையை முடித்தால், ஏமாற்றிவிட்டாய் என்று சண்டைக்கே வருவீர்கள்.

மகாபாரதம் கேட்டு வளர்ந்தவர்கள் அந்தக் குழந்தையைக் கர்ணன் என்பார்கள். விவிலியம் படித்தவர்களுக்கு அது நைல் நதியின் நாணலுக்குள் கூடையில் வைக்கப்பட்ட மோசே. ரோமானியர்களுக்கு டைபர் ஆற்றில் விடப்பட்ட இரட்டையர், ரோமுலசும் ரீமசும். மெசபடோமியாவில் ஏறத்தாழ 4,300 ஆண்டுகளுக்கு முன் ஆண்ட சர்கோன் என்ற அரசனுக்கும் இதே கதை உண்டு. கோவில் பூசாரியான அவன் தாய் அவனை மறைவாகப் பெற்று, நாணற்கூடையில் வைத்து, கீல் பூசி அடைத்து ஆற்றில் விட்டாள். அக்கி என்ற தண்ணீர் இறைப்பவன் எடுத்து வளர்த்தான். அவன் காலத்துக்கு வெகு பின்னால் எழுதப்பட்ட களிமண் பலகைகள் இதைச் சொல்கின்றன. அதாவது, பெரிய அரசன் ஒருவனுக்குப் பிறப்புக் கதை தேவைப்பட்டபோது, மக்கள் கைக்கு எட்டிய இடத்தில் அந்தப் பெட்டி இருந்திருக்கிறது.

இப்படிக் கதைக்குக் கதை வந்துபோகும் உருவத்தைத் தமிழில் தொல்படிமம் என்கிறார்கள். ஆழ்படிமம் என்று எழுதுபவர்களும் உண்டு. இதற்கான கிரேக்க மூலச்சொல்லில் இரண்டு துண்டுகள் இருக்கின்றன. ஒன்றுக்குத் தொடக்கம் என்று பொருள், மற்றதற்கு அழுத்திப் பதித்த தடம் என்று பொருள். ஒரு முத்திரை அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். அரக்கில் குத்தினால் சிவப்பாக விழும், களிமண்ணில் குத்தினால் பழுப்பாக விழும். அச்சை நாம் நேரில் பார்த்ததே இல்லை. பதிவுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்து, அச்சு இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கிறோம், அவ்வளவுதான்.

புதிதாகப் படிப்பவர்கள் இதை வேறு இரண்டோடு போட்டுக் குழப்பிக்கொள்வது வழக்கம். முதலாவது, வார்ப்புப் பாத்திரம். கஞ்சன், வாயாடி, வீராப்புப் பேசும் கோழைச் சிப்பாய் போன்றவர்கள். இவர்களைப் பட்டியல் போடும் ஆசை மிகப் பழையது. அரிஸ்டாட்டிலின் மாணவரான தியோபிராஸ்டஸ் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே முகத்துதி செய்பவன், ஓயாமல் பேசுபவன் என்று 30 வகை மனிதர்களை எழுதி வைத்தார். 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் முகமூடி நாடகக் குழுக்கள் ஊர் ஊராகச் சுற்றின. பணத்தாசை பிடித்த கிழ வணிகன் பான்டலோனே, வயிறே கதியான வேலைக்காரன் ஆர்லெக்கினோ, அரைகுறைப் படிப்பை வைத்து அளக்கும் டொட்டோரே. முகமூடியைப் பார்த்ததும் ஆள் யார் என்று கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். அதனால் நடிகர்களுக்கு எழுதப்பட்ட வசனம் தேவைப்படவில்லை, கதைச் சுருக்கம் ஒன்று கையில் இருந்தால் மேடையிலேயே பேசிக்கொண்டு போவார்கள். வார்ப்புப் பாத்திரத்துக்குக் குணம் உண்டு, விதி கிடையாது. கஞ்சன் முதல் காட்சியிலும் கஞ்சன், கடைசிக் காட்சியிலும் கஞ்சன். தொல்படிமத்துக்குப் பின்னால் எப்போதும் ஒரு கதை இழுபட்டுக்கொண்டே வரும்.

இரண்டாவது, தேய்வழக்கு. இது ஒரு வகையே இல்லை, ஒரு நோய். எந்தப் பாத்திரமும் யோசனையின்றிப் பயன்படுத்தப்பட்டால் அதற்கு இது வந்துவிடும்.

பெயர் சொல்லக் கூடாது என்ற விதி

பாத்திர வகை என்றால் என்ன என்று விளங்க, நமக்கு வெகு அருகிலேயே ஓர் இடம் இருக்கிறது. அகப் பாடல்கள். அங்கே தலைவன் உண்டு, தலைவி உண்டு, தோழி, செவிலி, நற்றாய், பாங்கன், பரத்தை, பாணன், வழியில் கண்டவர்கள் எல்லாரும் உண்டு. யாருக்கும் பெயர் கிடையாது. இது மறதி இல்லை. ஐந்திணைக் காதலைப் பாடும்போது 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்று தொல்காப்பியம் கட்டளையாகவே சொல்கிறது.

இந்த விதியை எவ்வளவு கறாராக எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு நெடுநல்வாடை சாட்சி. பாசறையில் தலைவன், அரண்மனையில் பிரிவால் வாடும் தலைவி. அகப்பாட்டுக்கு வேண்டிய எல்லாம் இருக்கின்றன. எங்கும் பெயர் இல்லை. ஆனால் வேல் ஒன்றின் தலையில் வேப்பந்தழை கட்டியிருப்பதாக ஒரு வரி வருகிறது. வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. ஆகவே தலைவன் யார் என்று சுட்டியாகிவிட்டது, பாட்டு புறம் என்று உரைகாரர் தீர்ப்பு எழுதிவிட்டார். ஒரு கொத்து வேப்பிலை போதுமானதாக இருந்திருக்கிறது.

பெயர் இல்லாத இந்த ஆட்களுக்கு வேலை மட்டும் துல்லியமாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. காதல் வீட்டுக்குத் தெரியவரும் முறையைப் பாருங்கள். தலைவி தோழியிடம் சொல்வாள், தோழி தன் தாயான செவிலியிடம், செவிலி நற்றாயிடம், நற்றாய் தந்தையிடமும் தமையன்மாரிடமும். இதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். தலைவி நேரே தந்தையிடம் போய்ப் பேசிவிட முடியாது. இரவில் வந்து போகும் தலைவனிடம் எப்போது திருமணம் என்று கேட்டு நெருக்குவது பெரும்பாலும் தோழியின் பொறுப்பு. யார் எந்த இடத்தில் வாய் திறக்கலாம், எதைப் பற்றிப் பேசலாம் என்பதெல்லாம் வகுக்கப்பட்டிருந்தது. நாங்கள் அப்போதே சொல்லிவிட்டோம் என்று தம்பட்டம் அடிக்க இதை எழுதவில்லை. அது கவிதைக்கான இலக்கணம், உலகக் கதைகளை ஆராயும் முயற்சி இல்லை. ஆனால் 'தோழி என்றால் யார்' என்று கேட்டால் 'இன்னின்ன வேலை செய்பவள்' என்று பதில் வருகிறது பாருங்கள், அந்தப் பதிலின் வடிவம்தான் நமக்கு இங்கே வேண்டும்.

நூறு கதைகள், ஏழு வேலைகள்

அதே வடிவத்தில் பதில் சொன்னவர் விளாதிமிர் பிராப் என்ற ருஷ்ய ஆய்வாளர். 100 ருஷ்ய மாயக்கதைகளை எடுத்து அக்கக்காகப் பிரித்து, 1928இல் தன் முடிவுகளை வெளியிட்டார். அவர் தொடங்கிய இடம் எளிமையானது. ஒரு கதையில் அரசன் வீரனுக்குக் கழுகு கொடுக்கிறான், கழுகு அவனை வேறு நாட்டுக்குக் கொண்டுபோகிறது. இன்னொன்றில் கிழவன் குதிரை கொடுக்கிறான். மற்றொன்றில் மந்திரவாதி படகு கொடுக்கிறான். வேறொன்றில் இளவரசி மோதிரம் கொடுக்கிறாள், மோதிரத்திலிருந்து இளைஞர்கள் தோன்றித் தூக்கிப் போகிறார்கள். ஆளும் பொருளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒருவர் கொடுக்கிறார், கொடுத்தது கொண்டு சேர்க்கிறது என்பது மாறவில்லை.

இப்படி எண்ணி எண்ணி அவர் 31 செயல்களையும், அவற்றைச் செய்ய 7 வகை ஆட்களையும் கண்டார். எதிரி, கொடையாளி, துணைவன், தேடப்படும் இளவரசியும் அவள் தந்தையும், அனுப்பி வைப்பவர், நாயகன், போலி நாயகன். ஏழையும் நான் விளக்கப் போவதில்லை. பெயரைக் கேட்டாலே பாதி புரிந்துவிடும். இரண்டை மட்டும் பார்க்கலாம்.

கொடையாளி சும்மா கொடுப்பதில்லை. முதலில் சோதிப்பான். வனவாசத்தில் அர்ச்சுனன் தவம் செய்கிறான். ஒரு பன்றி பாய்ந்து வருகிறது. அர்ச்சுனனும் எங்கிருந்தோ வந்த வேடன் ஒருவனும் ஒரே நேரத்தில் அம்பு விடுகிறார்கள். யார் அம்பால் செத்தது என்று தகராறு. சண்டையில் அர்ச்சுனன் தோற்று விழுகிறான். பிறகுதான் வேடன் சிவன் என்று தெரிகிறது, பாசுபதம் கைக்கு வருகிறது. பிராப் மகாபாரதத்தை வைத்துக்கொண்டு எழுதவில்லை; ஆனாலும் கொடையாளிக்கு இதைவிடச் சுத்தமான உதாரணத்தை அவருடைய ருஷ்யக் கதைகளில் தேட வேண்டியிருக்கும்.

போலி நாயகன் எனக்கு மிகவும் பிடித்தவன். ஐரோப்பிய நாட்டுப்புறக் கதைகளில் பறவை நாகத்தைக் கொன்ற வீரன் களைத்துத் தூங்குகிறான், அல்லது வேறெங்கோ போய்விடுகிறான். அந்த நேரம் பார்த்து வேறொருவன் நாகத்தின் தலைகளை வெட்டி எடுத்துக்கொண்டு அரண்மனைக்குப் போய், நான்தான் கொன்றேன், இளவரசியைக் கொடுங்கள் என்கிறான். திருமணத்தன்று உண்மையான வீரன் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்கிறான்: தலைகள் சரி, நாக்குகள் எங்கே? நாக்குகளை அவன் முன்பே அறுத்துத் தன்னிடம் வைத்திருக்கிறான். அடுத்தவர் உழைப்பைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளும் ஆளுக்கு இத்தனை நூற்றாண்டுகளாக ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறது கதையுலகம்.

வகை என்பதை ஆளாக எடுத்துக்கொள்ளாமல் வேலையாக எடுத்துக்கொண்டால் பல முடிச்சுகள் தாமாக அவிழ்கின்றன. ஒரே ஆள் இரண்டு வேலை பார்க்கலாம். ஒரே வேலையை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம். மாற்றாந்தாயின் வேலை என்ன? மூத்தாள் மகனை வீட்டைவிட்டு விரட்டுவது. இராமாயணத்தில் அந்த வேலையைச் செய்பவள் கைகேயி. ஆனால் அந்த வேலைக்கு வேண்டிய நஞ்சு அவளிடம் இல்லை. அது கூனியிடம் இருக்கிறது. செயல் ஒருத்தியிடம், தீய எண்ணம் இன்னொருத்தியிடம். அப்படிப் பிரித்ததால்தான் கைகேயி நம் கண்முன்னே மெல்ல மெல்ல மாறுகிறாள். முதலிலேயே கெட்டவளாக வந்திருந்தால் அந்தக் காட்சிக்கு வேலையே இல்லை. கம்பர் இன்னும் ஒரு படி போய்க் கூனிக்கும் ஒரு காரணம் கொடுக்கிறார்: சின்ன வயதில் இராமன் விளையாட்டாக அவள் மேல் அடித்த மண்ணுருண்டை.

எதிர்த் திசையிலும் உதாரணம் உண்டு. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட முதல் பதிப்பில், வெண்பனி என்ற பெண்ணைக் கொல்லத் துடிப்பவள் அவளைப் பெற்ற தாயே. 1819 பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். பெற்றவள் இப்படிச் செய்வாளா என்று வாசகர்கள் முகம் சுளிக்காமலிருக்கச் செய்த மாற்றம். கொடுமைக்கார மாற்றாந்தாய் என்பது ஆதிகாலத்து மனித அனுபவம் என்று அடித்துப் பேசுபவர்களைக் கண்டால் எனக்கு இந்த ஏழு ஆண்டுகள்தான் நினைவுக்கு வரும். சில அச்சுகளைச் செய்த கொல்லனின் முகவரி நமக்குத் தெரியும்.

எந்தக் கட்டத்திலும் அடங்காதவன்

ஏழு கட்டங்கள் போட்டாயிற்று. எதிலும் உட்காராமல் ஓர் ஆள் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறான். அவனைத் தந்திரன் என்று வைத்துக்கொள்வோம். ஏய்ப்பவன், குறும்பன் என்றும் சொல்லலாம், எந்தச் சொல்லும் முழுசாகப் பொருந்தாது.

மேற்கு ஆப்பிரிக்காவின் அக்கான் மக்களிடம் அவன் அனான்சி என்ற சிலந்தி. உலகத்துக் கதைகள் எல்லாம் வான்கடவுள் நியாமேயிடம் பூட்டிக் கிடந்த காலத்தில், அவற்றை விலைக்குக் கேட்கப் போகிறான். மலைப்பாம்பு, சிறுத்தை, குளவிக் கூட்டம் ஆகியவற்றைப் பிடித்து வா என்கிறார் கடவுள். மலைப்பாம்பிடம் போய், நீ நீளமா இந்தக் கழி நீளமா என்று எனக்கும் என் மனைவிக்கும் பந்தயம் என்கிறான். அது கழியோடு நீட்டிப் படுக்கிறது, சேர்த்துக் கட்டிவிடுகிறான். குளவிகள் மேல் தண்ணீர் தெளித்து, மழை வருகிறது, இந்தச் சுரைக்குடுவைக்குள் வந்துவிடுங்கள் என்று பரிவோடு கூப்பிடுகிறான். கதைகள் மனிதர்களுக்குக் கிடைத்தது இப்படித்தானாம்.

வட அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் அவன் அண்டங்காக்கை. ஒளியைத் திருடி உலகுக்கு விடுகிறான். பாலினேசியத் தீவுகளில் மாவுயி. சூரியனைச் சுருக்குப் போட்டுப் பிடித்து வேகத்தைக் குறைக்கிறான். கிரேக்கத்தில் ஹெர்மஸ், பிறந்த அன்றே அண்ணன் அப்பல்லோவின் மாடுகளைத் திருடி, அவற்றைப் பின்னோக்கி நடத்திக் கால்தடத்தைக் குழப்பியவன். நம் பக்கத்தில் நாரதர். அவர் கலகத்தை மூட்டிவிட்டு வீணையோடு நகர்ந்துவிடுவார். ஆனால் அந்தக் கலகம் இல்லாவிட்டால் கதை அங்கேயே தூங்கிவிடும்.

இவர்களை நல்லவர் கெட்டவர் என்று பிரிக்கப் பார்த்தால் தலைவலிதான் மிஞ்சும். தந்திரன் பசிக்காகவோ விளையாட்டாகவோ ஒரு வேலியை உடைக்கிறான். உடைந்த இடத்தின் வழியாக நெருப்போ ஒளியோ கதையோ உலகுக்குள் வந்துவிடுகிறது. உலகை மீட்பது அவன் திட்டத்தில் இருக்கவே இல்லை. பல சமயம் அவன் வெட்டிய குழியில் அவனே விழுவான், நாம் சிரிப்போம், மறுநாள் எழுந்து வந்துவிடுவான். நாயகன் கதையின் முடிவில் மாறியிருப்பான். தந்திரன் மாறவே மாட்டான். அதனாலேயே அவனைப் பற்றி நீளமான காவியங்கள் குறைவு, குட்டிக் கதைகள் கொள்ளை கொள்ளையாக இருக்கின்றன.

ஏன் ஒரே மாதிரி இருக்கின்றன?

மூன்று பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங், தொல்படிமம் என்ற கருத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உளவியலுக்குள் கொண்டுவந்தவர். மனிதர் எல்லாருக்கும் பொதுவாக, தனி அனுபவத்துக்கும் அடியில் ஒரு கூட்டு நனவிலி இருக்கிறது. பெருந்தாய், ஞானக்கிழவர், நம் இருட்டுப் பக்கமான நிழல் போன்ற உருவங்கள் அங்கிருந்து கனவிலும் தொன்மத்திலும் மேலே வருகின்றன என்றார். கேட்க மிகக் கவர்ச்சியான பதில். சோதித்துப் பார்க்க வழியில்லாத பதிலும்கூட.

இரண்டாவது பதிலில் மர்மம் எதுவும் கிடையாது: கதைகள் நடந்தே போயின. பஞ்சதந்திரம் 6ஆம் நூற்றாண்டில் பாரசீகத்துக்கும், 8ஆம் நூற்றாண்டில் அரபுக்கும் போய், அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குப் பரவியது. அந்தந்த மொழிபெயர்ப்பின் தடம் இன்றும் இருக்கிறது. வணிகனும் யாத்திரிகனும் போன வழியெல்லாம் நரியும் காகமும் கூடவே போயின. மூன்றாவது பதில் அதைவிட எளிது. எங்கே பிறந்தாலும் மனிதக் குழந்தை பெரியவர்களை நம்பியே பிழைக்கிறது, பிறகு அவர்களை விட்டு விலகுகிறது, ஒருநாள் அவர்கள் சாகிறார்கள். ஒரே வாழ்க்கை ஒரே மாதிரிக் கதைகளைப் பெறுவதில் வியப்பென்ன? என் சாய்வு இரண்டாவதும் மூன்றாவதும் கலந்த பக்கம்.

ஒற்றுமையைத் தேடுவதில் ஒரு போதை இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ராக்லன் பிரபு என்பவர் 1936இல் நாயகனுக்கு 22 அடையாளங்கள் வகுத்து மதிப்பெண் போட்டார். ஈடிபஸ் ஏறத்தாழ முழு மதிப்பெண் வாங்கினான். பிற்பாடு ஒருவர் அதே அளவுகோலை வைத்து, ஆபிரகாம் லிங்கனும் தேறிவிடுவார் என்று வேடிக்கையாகக் காட்டினார். 1949இல் ஜோசப் கேம்பல் எல்லா நாயகர்களின் பயணமும் புறப்பாடு, சோதனை, திரும்புதல் என்ற ஒரே பயணம்தான் என்று எழுதினார். திரைக்கதை எழுதுபவர்கள் அதைச் சமையல் குறிப்பாக எடுத்துக்கொண்டார்கள். படிப்பதற்கு இந்தச் சட்டகங்கள் உதவும். எழுதுவதற்கு எடுத்துக்கொண்டால், பொருந்தாத கதைகள், குறிப்பாக வீட்டைவிட்டு வெளியேறவே அனுமதிக்கப்படாத பெண்களின் கதைகள், சட்டகத்துக்கு வெளியே விழுந்துவிடும்.

அச்சு பிசகும் இடம்

இனி ஒரு கதையைப் படிக்கும்போது, இது எந்த வகை என்று கேட்டதோடு நிறுத்திவிடாதீர்கள். வகை எந்த இடத்தில் பிசகுகிறது என்றும் கேளுங்கள். ஆசான் என்பவர் சீடனுக்கு ஏதோ ஒன்றைக் கொடுத்து அனுப்புபவர். துரோணர் ஏகலவ்வியனுக்கு எதையும் கொடுக்கவில்லை, கட்டைவிரலை வாங்கிக்கொண்டார். கொடையாளியின் வேலையை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்த காட்சி அது, அந்தக் குறுகுறுப்பு இன்றுவரை அடங்கவில்லை.

பெட்டிக்கே திரும்பி வருவோம். மிதந்து வந்த குழந்தை ஒருநாள் இன்னார் என்று தெரியவரும், இழந்த இடம் திரும்பக் கிடைக்கும். அச்சு சொல்வது இதைத்தான். மறைவான பிறப்பு, ஆறு, எளிய வளர்ப்புப் பெற்றோர், உடலோடு பிறந்த கவச குண்டலம் என்று கர்ணனுக்கு எல்லாப் பொருத்தமும் இருக்கிறது, அர்ச்சுனனைவிடக் கூடுதலாகவே. ஆனால் கதை அவனை எதிரணியில் நிறுத்திவிட்டது. ஆசான் பரசுராமர் அத்திரம் கொடுத்தார், அது வேண்டிய நேரத்தில் மறந்துபோகும் என்று சாபமும் கொடுத்தார். கொடையாளியான இந்திரன் கொடுப்பதற்கு முன் கவசத்தை உரித்து வாங்கினான். கர்ணன் கதையில் ஒவ்வொரு வகையும் வந்து தன் வேலையைப் பாதி செய்துவிட்டுப் போகிறது.

அடையாளம் தெரியும் காட்சியும் தவறாமல் வருகிறது. போருக்கு முன் கண்ணன் அவனைத் தேரில் ஏற்றிக்கொண்டு போய், நீ குந்தியின் மூத்த மகன், வா, முடி உனக்குத்தான் என்கிறான். உலகத்தின் எல்லாப் பெட்டிக் குழந்தைகளும் காத்திருந்த வாக்கியம் அது. கர்ணன் மறுக்கிறான். தேரோட்டி அதிரதன் என்னைத் தூக்கிப் போனபோது, என் மேல் வந்த அன்பில் அவன் மனைவி ராதைக்கு அந்தக் கணமே பால் சுரந்தது, அவளுக்கு நான் எப்படி இல்லாமல் போவேன் என்கிறான். இந்தச் செய்தியைத் தருமனிடம் சொல்லிவிடாதே, தெரிந்தால் அவன் அரசை என்னிடம் கொடுத்துவிடுவான், நான் அதைத் துரியோதனனுக்குக் கொடுத்துவிடுவேன் என்றும் கேட்டுக்கொள்கிறான். பிறகு கண்ணனைத் தழுவிவிட்டு இறங்கித் தன் தேரில் ஏறித் திரும்பிப் போகிறான், ராதேயனாகவே.